கரையில் நின்றால் ஆழம் தெரியுமா?

எளாவூர் என்னும் பெயரைச் சொன்னால் பலருக்கும் நினைவில் எழுவது நெடுஞ்சாலையின் சோதனைச் சாவடிதான். தமிழகம் முடிந்து ஆந்திரம் தொடங்கும் எல்லை அது. ஆனால் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் வேறோர் உலகம் விரியும். இந்தியாவில் சில்கா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரியாகிய பழவேற்காட்டு ஏரியும், அதன் நீரையும் சேற்றையும் நம்பி வாழும் மீனவர் குப்பங்களும் அங்கே உள்ளன. அத்தகைய குப்பம் ஒன்றில் பிறந்தவன் நான். என் தந்தையார் வலைக்குப் போனார். நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் வேலை கற்றுக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகள் உழைத்து, ஷிப்ட் மேற்பார்வையாளனாக ஓய்வு பெற்றேன்.

இன்று எங்கள் ஊர்களின் இளைஞர்களும் இளம்பெண்களும் தெற்கே கும்மிடிப்பூண்டிக்கும், வடக்கே எல்லையைத் தாண்டி 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஸ்ரீசிட்டி தொழில் நகருக்கும் நாள்தோறும் வேலைக்குப் போகிறார்கள். ஜப்பானின் இசுசு நிறுவனம் 2016இல் வாகனத் தொழிற்சாலையைத் திறந்தது அந்த நகரில்தான். வீட்டில் தந்தை வலையை உலர்த்திக்கொண்டிருப்பார். மகள் கழுத்தில் அடையாள அட்டையுடன் நிறுவனப் பேருந்தில் ஏறிக்கொண்டிருப்பாள். ஏரியில் மீன்வளம் குறையக் குறைய இந்த மாற்றம் விரைவு பெறுகிறது. ஆகவே, தொழிற்சாலையை நடத்தும் தலைவர்கள் எவ்வாறு பயிற்றுவிக்கப்படுகிறார்கள் என்பது முதலாளிகளும் பொறியாளர்களும் மட்டும் பேசி முடிக்கும் செய்தியன்று. எங்கள் பிள்ளைகளின் முதுகும் விரல்களும் அவர்களுடைய கையில் இருக்கின்றன. அது எங்கள் வீட்டுச் செய்தி.

அந்தப் பயிற்சிகளில் இன்று மிகுதியும் பேசப்படுவது 'லீன்' உற்பத்தி முறை. 'லீன்' என்றால் மெலிந்தது, கொழுப்பற்றது என்று பொருள். ஜான் கிராப்சிக் என்னும் ஆராய்ச்சியாளர் 1988ஆம் ஆண்டில் இச்சொல்லை உற்பத்திக்குச் சூட்டினார். 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வு நூல் அதை உலகெங்கும் பரப்பியது. ஆனால் பெயர் பிறப்பதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில் அதன் பொருள் பிறந்துவிட்டது. அதைச் செதுக்கியவர்களுள் முதன்மையானவர் தாயிச்சி ஓனோ. தேவைக்கு மேல் உற்பத்தி செய்தல், காத்திருத்தல், பொருளை வீணே இடம் மாற்றுதல், வேண்டாத வேலை செய்தல், சரக்கைக் குவித்தல், வீணாக உடலை அசைத்தல், பழுதான பொருளைச் செய்தல் என்று விரயத்தை அவர் ஏழாக வகுத்தார்.

இந்த ஏழும் மீனவர் குப்பத்தில் பிறந்தவனுக்குப் புதியவையல்ல. பனிக்கட்டி போதாத நாளில் அளவுக்கு மீறிப் பட்ட மீன் செல்வமாகாது, அது சுமை. கரையில் வியாபாரியை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒவ்வொரு நாழிகையும் மீனின் விலையைத் தின்னும். விற்றுத் தீராத மீன் கூடையைத் தலையில் சுமந்து திரும்பும் தாய்மாருக்குச் சரக்குக் குவிப்பின் துன்பத்தை எந்தப் பேராசிரியரும் விளக்க வேண்டியதில்லை. விரயத்தை அறிதல் ஏழைகளுக்கு இயல்பாகவே வாய்த்த அறிவு. அப்படியானால் தலைவர்களுக்குத் தனியே பயிற்சி எதற்கு? அவர்கள் கற்க வேண்டியது என்ன?

பயிற்சியின் பழைய வேர்

இக்கேள்விக்கு விடை காண இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குப் போக வேண்டும். போருக்குத் தேவையான பொருள்களைச் செய்ய அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவமில்லாத ஆண்களும் பெண்களும் பெருந்திரளாகச் சேர்ந்தனர். அவர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கும் மேற்பார்வையாளர்களைத் தயார்செய்ய 1940இல் ஒரு திட்டம் தொடங்கிற்று. 1945இல் அது முடிவதற்குள் 16 இலட்சத்துக்கும் அதிகமானோர் பயின்று வெளியேறினர். அதில் ஒரு பாடம் மிக எளியது. கற்பவரைத் தயார்செய், வேலையைச் செய்து காட்டு, அவரைச் செய்ய வைத்துப் பார், பின்னும் போய்க் கவனி. இந்நான்கு படிகளுக்கும் அடியில் ஓர் உறுதி இருந்தது. கற்பவருக்கு வேலை வரவில்லையென்றால் குறை கற்பித்தவரிடம் இருக்கிறது என்பதே அது. பழி எப்போதும் கீழ்நோக்கியே பாயும் தொழிலுலகில் அதை மேல்நோக்கித் திருப்பிய சொல் அது.

போருக்குப் பின் அமெரிக்கா இத்திட்டத்தை மறந்தது, ஜப்பான் எடுத்துக்கொண்டது. 1951இல் டொயோட்டாவில் இப்பயிற்சி நுழைந்தது. அதற்கு முந்திய ஆண்டு, எட்வர்ட்ஸ் டெமிங் என்னும் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜப்பானிய நிறுவனத் தலைவர்களிடம் தரத்தைப் பற்றி விரிவுரையாற்றினார். அவர் வாழ்நாள் முழுதும் சொல்லி வந்ததன் சாரம் இது: பிழைகளிற் பெரும்பாலானவை வேலை செய்பவரால் நேர்வன அல்ல, வேலையை அமைத்த முறையால் நேர்வன, அந்த முறையை மாற்றும் அதிகாரம் தலைவர்களுக்கே உண்டு, தொழிலாளியின் உள்ளத்தில் அச்சம் குடியிருக்கும்வரை தரம் உள்ளே வராது. அவர் பெயரால் 1951இல் நிறுவப்பட்ட டெமிங் பரிசு இன்றும் தொழிலுலகில் உயர்வாக மதிக்கப்படுகிறது.

ஓனோ தம்மிடம் பயில வந்த பொறியாளர்களைப் பழக்கிய விதம் வேறு. தொழிற்சாலைத் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் வரைவார். பயில வந்தவரை அதனுள் நிற்கச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். பல மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, என்ன கண்டாய் என்று கேட்பார். கண்டது போதாதெனில் மறுபடியும் நிற்க வேண்டும். பார்வைக்கு இது தண்டனை போலத் தோன்றும். உண்மையில், அறிக்கைகளையும் அட்டவணைகளையும் படித்துப் பழகிய கண்ணை மனிதரின் கையையும் காலையும் பார்க்கப் பழக்கும் பள்ளி அது.

மீன் தொட்டிக்குள் குதித்தவர்

நம் தமிழகத்திலும் இந்தப் பயிற்சி வேர்விட்டது. டி.வி.எஸ். குழுமத்தைச் சேர்ந்த, சென்னை பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998ஆம் ஆண்டில் டெமிங் பரிசைப் பெற்றது. இப்பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுவே. 2002இல் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் இதே பரிசை அடைந்தது. யோஷிகாசு சுதா என்னும் ஜப்பானியப் பேராசிரியர் இந்நிறுவனங்களுக்குப் பல்லாண்டுகள் வழிகாட்டினார். அம்பத்தூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் சிறு பட்டறைகளில் உழைத்துக்கொண்டிருந்த எங்களைப் போன்றோருக்கு அந்தச் செய்தி ஊக்கம் தந்தது. நம் மண்ணில் பிறந்தவர்களின் கைகளும் அந்த உயரத்தை எட்டும் என்பது அன்று உறுதியாயிற்று.

பின்னர் 2006 டிசம்பரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் ஜப்பான் சென்றபோது இரு நாடுகளும் உற்பத்தித் துறைத் தலைவர்களைப் பயிற்றுவிக்க உடன்பட்டன. அதன் பயனாக 2007இல் ஒரு திட்டம் தொடங்கியது. ஜப்பானியக் கூட்டுறவு முகமையும் இந்தியத் தொழில் கூட்டமைப்பும், கான்பூர், சென்னை ஐ.ஐ.டி.களும், கொல்கத்தா ஐ.ஐ.எம்.மும் அதிற் கைகோத்தன. நிறுவனத் தலைவர்களுக்கு ஒரு வகுப்பு, மூத்த மேலாளர்களுக்கு ஒன்று, இளநிலையினருக்கு ஒன்று எனப் பல படிகளில் அது நடந்தது. பெரிய நிறுவனமும் அதற்குப் பாகங்கள் செய்துதரும் சிறு நிறுவனங்களும் ஒன்றாக அமர்ந்து கற்கும் வகுப்பும் இருந்தது. அதன் தலைமை ஆலோசகராக விளங்கிய பேராசிரியர் ஷோஜி ஷிபாவுக்கு 2012ஆம் ஆண்டில் நம் நாடு பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

ஷிபா தலைவர்களுக்குச் சொல்லிவந்த உவமை ஒன்று ஏரிக்கரையில் பிறந்த என்னை மிகவும் ஈர்த்தது. ஒரு கண்ணாடித் தொட்டியில் மீன்கள் நீந்துகின்றன என்று வைத்துக்கொள்வோம். வெளியே நின்று அவற்றை எண்ணலாம், அளக்கலாம், கேள்வித்தாள் அனுப்பி விடை வாங்கலாம். ஆனால் மீனுக்கு நீர் எப்படி இருக்கிறது என்பது தொட்டிக்குள் குதித்து மீன்களோடு நீந்தினாலன்றித் தெரியாது. நீந்திய பின் வெளியே வந்து, கண்டதை ஆற அமர எண்ணிப் பார்க்க வேண்டும். தலைவன் முதலிற் செய்ய வேண்டியது குதிப்பதே என்பார் அவர்.

பழவேற்காட்டு ஏரியில் இருளர் இனப் பெண்கள் இறால் பிடிப்பதைக் கண்டவர்களுக்கு இந்த உவமைக்கு விளக்கம் தேவையில்லை. கலங்கிய நீரில் இறங்கி, குனிந்து, கையால் சேற்றைத் தடவித் தடவி இறாலையும் நண்டையும் பிடிப்பார்கள். பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த நீரில் கண்ணால் ஒன்றும் காண இயலாது, விரல்தான் கண். எங்கே சேறு இளகியிருக்கிறது, எங்கே இறால் ஒதுங்கும், எந்த அசைவு நண்டுடையது என்பதெல்லாம் அந்த விரல் நுனிகளில் எழுதப்பட்டிருக்கிறது. படகைக் கழி ஊன்றித் தள்ளிச் செல்லும் என் தந்தையாரும் அப்படித்தான். கழி இறங்கும் ஆழத்தையும் சேறு அதைப் பற்றும் விதத்தையும் வைத்தே எங்கே வலை விரிப்பது என்று முடிவு செய்வார். கரையில் நின்று அவர் ஒருநாளும் ஆழம் சொன்னதில்லை.

தொழிற்சாலையிலும் அப்படிப்பட்ட விரல்கள் இருக்கின்றன. ஒரு திருகாணி இறுகும்போது எழும் ஓசை மாறுவதைக் காதால் அறியும் பெண் இருக்கிறாள். எந்திரம் பழுதாகப் போவதை அதன் சூட்டிலிருந்து முன்னரே சொல்லும் இளைஞன் இருக்கிறான். அந்த அறிவைக் கேட்டுப் பெறாமல் விட்டுவிடுவதே எல்லா விரயத்திலும் பெரிய விரயம். ஓனோவின் ஏழு விரயங்களோடு எட்டாவதாக இதைப் பின்வந்தோர் சேர்த்தது மிகப் பொருத்தமே.

ஒரு பெட்டி வெறுமையான கதை

இவ்வளவும் கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. நடைமுறையில் என்ன நேர்கிறது என்பதற்கு என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அக்காள் மகள் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாள். ஒரு மேசையில் மூன்று பெண்கள் உதிரிப் பாகங்களைப் பூட்டுவார்கள். பாகங்கள் நிறைந்த தட்டு அவர்களுக்குப் பின்னால் இருந்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் திரும்பி எடுக்க வேண்டும். தட்டைச் சாய்வாக முன்னால் பொருத்தினால் திரும்ப வேண்டியதில்லை என்று அவள் ஒரு சீட்டில் எழுதிக் கருத்துப் பெட்டியில் போட்டாள். அப்போதுதான் மூன்று நாள் லீன் பயிற்சி முடித்து வந்திருந்த மேற்பார்வையாளர் அதை உடனே நடைமுறைப்படுத்தினார். அறிவிப்புப் பலகையில் அவளது படம் ஒட்டப்பட்டது. எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்று பரிசாகக் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் மகிழ்ந்தோம்.

அடுத்த மாதம் அம்மேசையில் மூவர் இருவராயினர். பக்கத்துக் குப்பத்துப் பெண் ஒருத்திக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவள் தந்தை நோயாளி. அவளுடைய சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. என் அக்காள் மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "மாமா, நான் எழுதிப் போட்டதாலதானே அவளுக்கு வேலை போச்சு?" என்று கேட்டாள். "இல்லம்மா, நீ வலி தீர வழி சொன்னே. அதை வேற கணக்குக்கு எடுத்துக்கிட்டது நீ இல்லே" என்று சொன்னேன். அவள் சமாதானம் அடையவில்லை. அதற்குப் பிறகு அப்பெட்டியில் எவரும் ஒரு சீட்டும் போடவில்லை என்று பின்னர் அறிந்தேன். பெட்டி மட்டும் பூட்டோடு அங்கேயே இருந்ததாம்.

அந்த மேற்பார்வையாளரைக் கொடியவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆளைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்னும் இலக்கு அவருக்கு மேலிருந்து வந்தது. பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர் அவர் ஒருவரே. இலக்கை வகுத்தவர்கள் அந்த வகுப்பில் அமரவில்லை. கத்தியைத் தீட்டும் கலையை ஒருவருக்குக் கற்பித்துவிட்டு, எதை வெட்டுவது என்பதை வேறொருவர் முடிவு செய்தால் இதுதான் நேரும். டெமிங் முதலில் நிறுவனத் தலைவர்களைக் கூட்டிப் பேசியதற்கும், 2007இல் தொடங்கிய திட்டத்தில் தலைமை நிர்வாகிகளுக்கென்றே வகுப்பு வைத்ததற்கும் காரணம் இதுவன்றோ?

டொயோட்டாவே இந்தப் பாடத்தைக் கண்ணீரோடு கற்றது. 1950ஆம் ஆண்டில் அந்நிறுவனம் கடன் சுமையில் தள்ளாடியது. ஆட்குறைப்பு அறிவிக்கப்பட்டது, தொழிலாளர் நீண்ட வேலைநிறுத்தத்தில் இறங்கினர். முடிவில் பலர் வேலை இழந்தனர். ஆனால் நிறுவனத்தைத் தோற்றுவித்த கீச்சிரோ டொயோடாவும் பொறுப்பேற்றுத் தலைவர் பதவியைத் துறந்தார். அந்த வடுவின் நினைவில்தான் நிர்வாகமும் தொழிற்சங்கமும் ஒருவரையொருவர் நம்பும் வழியைத் தேடின. 1951இல் அங்கே தொழிலாளர் கருத்துகளைப் பெறும் முறை தொடங்கியது. தான் சொல்லும் கருத்தால் தன் வேலையோ தன் தோழரின் வேலையோ போகாது என்னும் நம்பிக்கை நிலைபெற்ற இடத்தில்தான் கருத்து ஊறும். ஊற்றுக்கண்ணில் மண் விழுந்தபின் வாளியைத் தேய்த்துப் பயனில்லை.

முடா, முரா, முரி

டொயோட்டா முறையில் விரயத்தை 'முடா' என்பர். பயிற்சிக்குப் போய் வந்த எவரும் இச்சொல்லைச் சொல்வார். ஆனால் அங்கே அதனோடு பிறந்த வேறு இரு சொற்களும் உண்டு. ஒன்று 'முரா', அது சீரின்மை. ஒருநாள் வேலையின்றிக் கையைக் கட்டி உட்கார்ந்து, மறுநாள் இரவுபகலாக ஓடுவது. மற்றொன்று 'முரி', மனிதர் மீதோ எந்திரத்தின் மீதோ தாங்க இயலாத சுமையை ஏற்றுவது. தமிழ்க் காதுக்கு இச்சொல் அந்நியமாக ஒலிக்கவில்லை. பளு மிகுந்தால் முரிவதும் முறிவதும் நாம் அறிந்தவைதாமே. முடாவை மட்டும் தேடக் கற்ற தலைவர், மூவர் செய்ததை இருவர் செய்கிறார்கள் என்று மகிழ்வார். முரியையும் பார்க்கக் கற்றவர், அந்த இருவரின் தோள்களை மாலை ஆறு மணிக்குப் போய்ப் பார்ப்பார். இந்த ஒரு பார்வையில்தான் நல்ல பயிற்சியும் அரைகுறைப் பயிற்சியும் பிரிகின்றன. மெலிந்திருப்பது வேறு, பட்டினியால் மெலிவது வேறு. எங்கள் குப்பங்களுக்கு இந்த வேற்றுமை நன்றாகத் தெரியும்.

சீரின்மையைத் தவிர்க்க எங்கள் ஏரியிலும் ஓர் ஏற்பாடு உண்டு. பழவேற்காட்டு முகத்துவாரத்தை ஒட்டிய சில ஊர்களில் அதைப் 'பாடு' என்பார்கள். இறால் வரத்து மிகுந்த இடங்களில் யார், எந்த நாளில், எங்கே வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே என்றும் வாய்க்காது. மோசமான இடமும் ஒருவர் தலையிலேயே என்றும் விழாது. எல்லாரும் ஒரே இடத்தில் மொய்த்துச் சண்டையிடுவதும் இல்லை. இந்த ஏற்பாடு குறையற்றது என்று சொல்ல மாட்டேன். அதில் இடம் பெறாத பிற சாதியாரும் பெண்களும் உண்டு. அந்த வருத்தம் நியாயமானதே. எனினும் அதில் உள்ள ஒரு நெறியைத் தொழிற்சாலைத் தலைவர்கள் கற்கலாம். சுமையையும் வாய்ப்பையும் சமமாகப் பரப்புவதே தலைமையின் வேலை. 'பாடு' என்பதற்கு உழைப்பின் துன்பம் என்றும் தமிழில் பொருளுண்டு. முறை தவறினால் ஒருவருடைய பாடு மட்டும் பெரும்பாடாகிவிடும்.

வட்டத்துக்குள் ஒரு மணி நேரம்

ஓய்வுபெற்ற பின் என்னைச் சில சிறு பட்டறைகளிலிருந்து அழைக்கிறார்கள். குறு, சிறு தொழில்களுக்காக ஒன்றிய அரசு 2023 மார்ச் 10 அன்று புதுப்பித்துத் தொடங்கிய லீன் திட்டத்தில், தொடக்கநிலையைக் கடந்து செல்லும் நிறுவனங்களுக்கு ஆலோசகர் செலவில் 90 விழுக்காட்டை அரசே ஏற்கிறது. ஆகவே சிறு பட்டறைக்காரர்களும் இம்முறையில் நாட்டம் கொண்டிருக்கிறார்கள். ஆலோசகர்கள் வருவதற்கு முன்னும் போன பின்னும் வரிசைத் தலைவர்களோடு பேசிப் பழகுவது என் பங்கு.

அப்படி ஒரு பட்டறையில், டிப்ளமோ படித்த இருபத்தாறு வயது இளைஞரைச் சுண்ணக்கட்டி வட்டத்துக்குள் நிறுத்தினேன். பத்து நிமிடத்தில், "எல்லாம் சரியாத்தான் நடக்குது ஐயா" என்றார். இன்னும் நில்லுங்கள் தம்பி என்றேன். ஒரு மணி நேரம் முடிந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. துளையிடும் எந்திரத்தில் வேலை செய்த பெண்மணி ஒவ்வொரு வார்ப்புக்கும் தரைவரை குனிந்து நிமிர்வதை அவர் எண்ணியிருக்கிறார், நாற்பத்துமூன்று முறை. ஷிப்டுக்கு எட்டு மணி நேரம் என்று அவரே மனக்கணக்குப் போட்டார். பிறகு நேரே அந்த அம்மையாரிடம் போய், "அக்கா, இடுப்பு வலிக்கலையா?" என்று கேட்டார். அவர் எந்திரத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நாலு வருஷமா வலிக்குது தம்பி. இன்னிக்குத்தான் ஒருத்தர் கேக்குறீங்க."

அன்று மாலையே கழிவு இரும்புக் கோணங்களைப் பற்றவைத்து இடுப்பளவு உயரத்தில் ஒரு தாங்கி செய்தார்கள். எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை அந்த அம்மையாரே நின்று காட்டினார். வேலை விரைவாக முடிந்தது உண்மைதான். ஆனால் அவ்விளைஞர் என்னிடம் விரைவைப் பற்றிப் பேசவில்லை. நாலு ஆண்டுகள் தினமும் அவ்வழியே நடந்தும் அது கண்ணில் படவில்லையே என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பட்டறை உரிமையாளரிடம் நான் கேட்டது ஒன்றே: மிச்சமாகும் நேரத்தால் எவருக்கும் வேலை போகாது என்று எல்லாரையும் கூட்டிச் சொல்ல வேண்டும். அவர் சற்று யோசித்தார். பிறகு தேநீர் வேளையில் எல்லார் முன்னும் அதைச் சொன்னார். அடுத்த வாரம் அங்கே மூன்று பேர் தாமாகவே முன்வந்து கருத்துச் சொன்னார்கள்.

சான்றிதழும் சுவரொட்டியும் வண்ணக் கோடுகளும் தலைவரை உருவாக்கா. அவை வேண்டாம் என்பதன்று, அவை கருவிகள். கருவியைப் பிடிக்கும் கைக்கு முன்னே கண் திறக்க வேண்டும். கண்ணுக்கும் முன்னே ஒரு வாக்குறுதி நிற்க வேண்டும். பயிற்சிக்கு ஆளனுப்பும் நிர்வாகிகள் முதலில் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியது, எத்தனை ஆளைக் குறைக்கலாம் என்பதன்று. மிச்சப்படும் நேரத்தைக் கொண்டு இவர்களுக்கு வேறென்ன கற்பிக்கலாம், எந்தச் சுமையை இறக்கலாம் என்பதே.

டொயோட்டா நிறுவனத்தின் மூதாதையாகிய சாகிச்சி டொயோடா நெசவுத் தறி செய்தவர். நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறி அவருடையது. அந்த எண்ணத்தின் வழிவந்ததே, வாகனம் பூட்டும் வரிசையில் தலைக்கு மேல் ஓடும் கயிறு. பிழை ஒன்றைக் காணும் எந்தத் தொழிலாளியும், அவர் எவ்வளவு புதியவராயினும், அதை இழுக்கலாம். இழுத்தவுடன் தலைவர் ஓடிவர வேண்டும். சிக்கல் தீராவிடில் வரிசையே நின்றுவிடும். நம் தொழிற்சாலைகள் பலவற்றிலும் இன்று அத்தகைய கயிறோ பொத்தானோ இருக்கிறது. அதை இழுக்கத் துணியும் கை இருக்கிறதா என்பதே கேள்வி.

பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, எங்கள் ஏரிக்கரை ஊரிலிருந்து போனவள், நெஞ்சு படபடக்க அக்கயிற்றை இழுக்கிறாள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். விளக்கு எரிகிறது. தலைவர் வருகிறார். அவர் வாயிலிருந்து வரும் முதற்சொல் "ஏன் நிறுத்தினாய்?" என்பதா, "நிறுத்தியது நல்லதாயிற்று, என்ன கண்டாய், காட்டம்மா" என்பதா? அந்த ஒரு கணத்தில் தெரிந்துவிடும், அவர் பெற்ற பயிற்சி எத்தகையது என்று.